பெட்டியில் 300, கையில் 40: கள்ளக்குறிச்சி வைஃபை புராணம்

கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டிலோ சேலம் மெயின் ரோட்டிலோ ஏதாவது ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்து, "அண்ணே, வீட்டுக்கு வைஃபை பெட்டி வேணும்" என்று கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன ஆன்டெனா?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டு கொம்பு வைத்தது ஒரு விலை, நாலு கொம்பு வைத்தது இன்னொரு விலை. மாட்டுச் சந்தையில்கூட கொம்பை மட்டும் பார்த்துவிட்டுத் துண்டுக்குள் கைவிட மாட்டார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். வைஃபை பெட்டிக்கு அந்த மரியாதைகூட இல்லை.

பெட்டி மேல் பெரிய எழுத்தில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். (டாக்டர் படிப்பையும் இதையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டுமே கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்குச் சுலபத்தில் கைக்கு எட்டுவதில்லை என்பது தனிக்கதை :-) ) அந்த 300 எங்கிருந்து வந்தது, யாருக்குக் கிடைக்கும், எந்தப் போனில் கிடைக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது. வாங்குபவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், பெட்டியைத் தயாரித்தவர். அவர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் பெட்டி விற்காது.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் பணம் கட்டி 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். லைன் இழுக்க வந்தவர்கள் வாசல் நிலைக்கு மேலே, கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒயர் அங்கேதான் உள்ளே நுழைகிறது, அதனால் பெட்டியும் அங்கே. வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஏற்ற வேண்டும், கடைசி நாள். மாடி அறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வட்டம் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்பா கேபிள்காரருக்குப் போன் போடுகிறார். அவர் வந்து தன் லேப்டாப்பில் ஒயரைச் சொருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுகிறார். 97 வருகிறது. "எங்க லைன் கரெக்டா இருக்கு சார், உங்க போன்லதான் ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்.

கேபிள்காரர் சொன்னது பொய் இல்லை. ஒயரில் 97 வந்தது உண்மைதான். பெட்டிக்காரர் போட்ட 300-ம் ஒரு கணக்கில் உண்மைதான். போன் கம்பெனி, "வைஃபை வசதி உண்டு" என்று அட்டையில் போட்டதும் உண்மை. மூன்று உண்மைகளும் சேர்ந்து அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டன.

இந்த 300 எப்படி 40 ஆகிறது என்கிற கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

மலிவான பெட்டிகள் பேசும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் இது 2400-ல் தொடங்கி 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும். மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம், அவ்வளவுதான். இதற்குள் ஒரு வைஃபை சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கவேண்டும் என்றால் மூன்று சேனல்கள்தான் தேறும்: 1, 6, 11. ஒரு தெருவில் இருபது வீட்டில் வைஃபை இருந்தால் இருபது வீடும் இந்த மூன்று பாதைக்குள்தான் நெரிசல்பட வேண்டும். போதாததற்கு ப்ளூடூத் ஸ்பீக்கரும் இங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு இரைவதும் கிட்டத்தட்ட 2450-ல்தான்.

300 என்ற எண் வருவதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, சேனல் 20 இல்லாமல் 40 மெகாஹெர்ட்ஸாக விரிய வேண்டும். இரண்டு, பெட்டியிலும் போனிலும் தலா இரண்டு ஆன்டெனா இருந்து இரண்டு தனித்தனி ஓடைகளாகத் தகவல் போக வேண்டும். மலிவு விலை போன்கள் பெரும்பாலானவற்றில் வைஃபைக்கு ஒரே ஆன்டெனாதான். 300-ல் பாதி போச்சு, மிச்சம் 150. இந்த 2.4-ல் பெரும்பாலான போன்கள் 40-க்கு விரியாது, 20-லேயே நிற்கும். சுற்றிலும் பக்கத்து வீட்டு வைஃபை இருந்தால் பெட்டியே சுருங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. அதில் இன்னொரு பாதி போய் 72. இந்த 72-ம் காற்றில் போகும் மொத்த வேகம். அனுப்பியது கிடைத்ததா என்று கேட்பது, அடுத்தவன் பேசி முடிக்கக் காத்திருப்பது, விலாசம் ஒட்டுவது என்று கழிவுகள் போக, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றால் 40 சொச்சம் கிடைக்கும். மாடி அறையில்? பத்து வந்தால் பெரிசு.

அந்த 40-ம் ஒரு போனுக்கு மட்டும் சொந்தமில்லை. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரேஷன் கடை வரிசை மாதிரி. கைரேகை பதியாத பாட்டி ஒருத்தர் மெஷினில் விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் இருபது பேரும் நிற்க வேண்டியதுதான், அவர்கள் கைரேகை எவ்வளவு தெளிவாக இருந்தாலும். வீட்டில் தூரத்து அறையில் பலவீனமான சிக்னலில் பழைய போன் ஒன்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால், பெட்டிக்கு எதிரே இருக்கும் புதுப் போனும் சேர்ந்து தவிக்கும். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்கு ஒரே மெஷின் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

இதே போன் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கக்கூடியதாகவும், பெட்டியும் அதைப் பேசக்கூடியதாகவும் இருந்தால் கதையே வேறு. அங்கே இடம் தாராளம். 2018 அக்டோபரில் வந்த விதிகளின்படி இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டிருக்கிறது, வீட்டுக்குள்ளும் வெளியிலும். 83.5 எங்கே, 605 எங்கே! சேனல் 80 மெகாஹெர்ட்ஸுக்கு விரியலாம். ஒரே ஆன்டெனா உள்ள போனுக்கே காற்றில் 433, கையில் 200-க்கு மேல். அதாவது 100 எம்பிபிஎஸ் பிளானுக்குக் கொடுத்த காசு அப்போதுதான் முழுசாகப் போனுக்கு வந்து சேரும்.

ஆக, 2.4 மட்டும் உள்ள பெட்டியை 100 எம்பிபிஎஸ் பிளானுடன் சேர்த்துக் கொடுப்பது என்பது, கோமுகி அணையின் மதகை முழுசாகத் திறந்துவிட்டு வயலுக்கு அரை இஞ்ச் குழாய் போடுகிற வேலை. தண்ணீர் வரி மட்டும் மதகு அளவுக்கு!

சரி, இரண்டு பேண்டும் உள்ள பெட்டியை வாங்கிவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு வித்தை காத்திருக்கிறது. பெட்டி மேல் 1200 என்று போட்டிருக்கும். 2.4-ல் 300, 5-ல் 867, கூட்டினால் 1167. அதையும் மேலே தள்ளி 1200 ஆக்கியாகிவிட்டது! ஒரு சாதாரண போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இருக்கும். எந்தப் போனுக்கும் இந்தக் கூட்டுத்தொகை கிடைக்கப் போவதில்லை. அண்ணன் 80 மார்க், தம்பி 60 மார்க், ஆக எங்கள் வீட்டுப் பிள்ளை நூற்றுக்கு 140 என்று எந்த அப்பாவாவது சொன்னால் ஊரே சிரிக்கும். அட்டைப் பெட்டியில் அச்சடித்துச் சொன்னால் மட்டும் காசு கொடுத்து வாங்குகிறது.

இதைவிட விஷமான ஏமாற்று பெயரில் இருக்கிறது. புதுப் பெட்டியை மாட்டியதும் போனில் இரண்டு பெயர்கள் தெரியும். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று அதே பெயருக்குப் பின்னால் 5ஜி. இந்த 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ். 2022 அக்டோபரில் இந்தியாவில் தொடங்கப்பட்ட 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை மொபைல் தொழில்நுட்பம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒன்றில் ஐந்து என்பது அலையின் எண்ணிக்கை, இன்னொன்றில் தலைமுறையின் எண்ணிக்கை. ஆனால் "நம்ம வீட்ல 5ஜி வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். "என் போன் 5ஜி போன் இல்லியே, அதான் அந்தப் பேர் தெரியல" என்று தன்னையே குறைசொல்லிக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். 4ஜி போன் எத்தனையோ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பிடிக்கும். மலிவு விலைப் போன் பலவற்றில் அந்தச் சில்லு கிடையாது, கம்பெனி சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க விட்டுவிட்டது. அதை அட்டையில் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது மட்டும் பளபளவென்று முன்னால் இருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் ஒன்றும் சர்வரோக நிவாரணி கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2.4-ன் அலை நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5-ன் அலை நீளம் அதில் பாதிக்கும் கீழே. அதே தூரத்தில், அதே மாதிரி ஆன்டெனாவுக்கு, வெட்டவெளியிலேயே 5-ன் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வந்து சேரும். நடுவில் நம்மூர் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்துவிட்டால் இன்னும் மோசம். அமெரிக்காவில் எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய வீட்டுக்கு எழுதப்பட்டவை. அந்த வீட்டு அளவை வைத்து, "நாலு அறைக்கும் கவர் ஆகும்" என்று சின்னசேலம் வீட்டுக்காரரிடம் விற்பது எந்த ஊர் நியாயம்? பெட்டியை வாசலிலிருந்து கழற்றி வீட்டின் நடுவில் மாட்டினாலே பாதி நோய் தீரும். பத்து மீட்டர் ஒயர் கூடுதலாக வேண்டும். லைன் இழுக்க வருபவர்களுக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை இணைப்பு என்று கணக்கு. அந்தப் பத்து மீட்டரை யார் இழுப்பது?

போனை வைத்திருப்பவர்கள் இதைச் சோதிப்பது கஷ்டமில்லை. ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால், அலைவரிசையும் இணைப்பு வேகமும் காட்டும். 65 அல்லது 72 என்று வந்தால் 2.4-ல், ஒற்றை ஆன்டெனாவில், குறுகிய சேனலில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். 433 என்றால் 5-க்கு வந்தாகிவிட்டது. 867 என்றால் போனில் இரண்டு ஆன்டெனா இருக்கிறது, கொடுத்து வைத்தவர். கேபிள்காரர் அடுத்த முறை லேப்டாப்பைத் திறக்கும்போது இந்த எண்ணைக் காட்டினால், குறைந்தபட்சம் அவர் வண்டியைக் கிளப்புவதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும் :-)

இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. "ஒரு போனுக்கு 40 போதாதா? சினிமா பார்க்க ஐந்து போதும், வீடியோ வகுப்புக்கு இரண்டு மூன்று போதும். எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" நல்ல கேள்வி. 40 போதும், உண்மை. போதும் என்றால் 40-க்கு உரிய பிளானை 40-க்கு உரிய விலையில் விற்க வேண்டியதுதானே? 100, 200, 300 என்று ஏணி போட்டு, ஒவ்வொரு படிக்கும் காசு ஏற்றி, கடைசியில் எல்லாரையும் ஒரே 40-ல் இறக்கிவிடுவது எதற்கு? வீட்டில் வேகம் வரவில்லை என்று புகார் சொன்னால், "பெரிய பிளானுக்கு மாறுங்க" என்பதுதான் பதில். மாறினாலும் பெட்டி அதேதான், போன் அதேதான். மாடி அறையில் சுற்றும் வட்டமும் அதேதான்.

இன்னொரு பதில், "விவரம் தெரிஞ்சு வாங்கணும், அது கஸ்டமர் பொறுப்பு." இந்த நியாயம் வேறு எந்தப் பொருளுக்கும் இந்த நாட்டில் செல்லாது. அரிசிப் பையில் நிகர எடை போட்டே ஆக வேண்டும். 25 கிலோ என்று அச்சடித்து உள்ளே மூன்றரை கிலோ இருந்தால், "கல்லும் தவிடும் மூட்டையும் சேர்த்துத்தான் 25" என்று சொல்லித் தப்ப முடியாது. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திர லேபிள் 2006-லேயே தொடங்கியது. ஆய்வகத்தில் அளந்து, மின்சாரம் எவ்வளவு தின்னும் என்று ஒட்டியாக வேண்டும். கரும்பு வெட்டி வண்டியில் ஏற்றி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் விவசாயிக்குக்கூட எடைமேடையில் நின்ற பிறகுதான் காசு. வண்டி எடை கழித்துத்தான் காசு. வைஃபைக்கு மட்டும் வண்டி, மாடு, வண்டிக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, அதைக் கரும்பு என்று எழுதிக்கொள்கிறார்கள்.

டிராய் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024-ல் சேவைத் தர விதிகளைப் புதுப்பித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தர மதிப்பீடு என்று ஒரு விதியும் கொண்டுவந்தது. அடுக்குமாடிகளும் அலுவலக வளாகங்களும் எவ்வளவு நல்ல இணைப்பு கொண்டவை என்று மதிப்பிட்டு நட்சத்திரம் கொடுக்கலாம். நல்லது, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு வாங்குகிறவர்களுக்கு உதவும். தியாகதுருகத்தில் ஓட்டு வீட்டுக்கு இணைப்பு வாங்குகிறவருக்கு வேண்டியது நட்சத்திரம் இல்லை. அவர் போனில், அவர் படுக்கை அறையில், எவ்வளவு வருகிறது என்று ரசீதில் எழுதி ஒரு கையெழுத்து.

இதுவரை சொன்னது கீழ்நாட்டுக் கதை. கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். கீழே கடைக்காரர் செய்கிற அதே கணக்கை, மேலே அரசாங்கம் செய்கிறது. கடைக்காரர் வேகத்தைப் பெட்டியில் அளக்கிறார், அரசாங்கம் இணைப்பை ஊராட்சி அலுவலகத்தில் அளக்கிறது. இரண்டு பேருமே போன் வரைக்கும் வருவதில்லை.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம், நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது. பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் அதைச் செயல்படுத்த டான்ஃபிநெட் என்று தனி நிறுவனமே உண்டு, இலக்கு 12,525 ஊராட்சிகள். ஊராட்சி அலுவலகத்து அலமாரியில் ஒரு பெட்டியில் விளக்கு எரிந்தால் அந்த ஊராட்சி "இணைக்கப்பட்டது" என்று பட்டியலில் ஏறிவிடும். சமவெளியில் இது ஓரளவு சரி. அலுவலகமும் தெருவும் பக்கம் பக்கம். கல்வராயன் மலையில் ஓர் ஊராட்சி என்றால், சரிவுக்கு ஒன்றாகப் பள்ளத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களின் கூட்டம். அலுவலகத்தில் எரியும் விளக்கு ஓடையைத் தாண்டி அடுத்த ஊருக்குத் தெரியவே தெரியாது. அங்கே மரவள்ளிக் காட்டில் நிற்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் போனில் எத்தனை கோடு காட்டுகிறது என்று எந்தப் பட்டியலிலும் ஒரு கட்டம் கிடையாது.

இந்த மலைக்குத் தாமதம் புதிதில்லை. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்து 1976-ல்தான் இங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் முடிந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான், மேலே மலையில் இருக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியே பெரிதாக எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி என்று கேட்க ஆரம்பித்தது. சாவு விழுந்தால்தான் கவனம் திரும்பும் என்றால், சிக்னல் இல்லாததற்கு எப்போது கவனம் திரும்பும்? 2020-ல் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறியதைப் பேப்பரில் படம் போட்டுப் பாராட்டினார்கள். அதில் பாராட்ட என்ன இருக்கிறது?

மலையில்தான் 2.4-ன் அருமை தெரியும். டவுன் கடைக்காரர் "பழசு சார், தூக்கிப் போடுங்க" என்று சொல்லும் அதே அலைவரிசை. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் தேவையில்லாத பகுதியாக அறிவித்தது, 4 வாட் வரை, சில நிபந்தனைகளுடன். அலைக்கற்றை ஏலத்தில் ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து வாங்கும் சொத்து ஒருபக்கம். இது இன்னொருபக்கம், ஊர்ப் புறம்போக்கு மாதிரி, பொதுவில் எல்லாருக்கும். ஏலம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். ஒரு கம்பம், ஒரு திசை பார்த்த ஆன்டெனா, ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எதிர்க் குன்றில் இன்னொரு கம்பம். அவ்வளவுதான்.

இது கற்பனை இல்லை, தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2005-06 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களுடன் இணைத்தது இந்தச் சாதாரண வைஃபைதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் குழுவினர் அரவிந்துடன் சேர்ந்து செய்த வேலை. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண்ணை, தேனியில் இருந்த டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசினார். வைஃபை என்பது சில பத்து மீட்டருக்கு வடிவமைத்த சாதனம். ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு, "கிடைச்சுதா" என்று மைக்ரோ விநாடிக் கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கும். பல கிலோமீட்டர் தூரத்தில் பதில் வருவதற்குள் பொறுமை இழந்து திரும்ப அனுப்பும். அந்தக் குழு செய்தது, இந்தப் பதற்றத்தை எடுத்துவிட்டு, இரண்டு முனையும் மாறி மாறி நேரம் பிரித்துப் பேசும்படி மென்பொருளை மாற்றியது. சில எம்பிபிஎஸ் கிடைத்தது. 300 இல்லை, சில. கண் வைத்தியத்துக்கு அது போதுமாக இருந்தது.

அதற்கும் முன்னால், சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பத்தை வைத்து 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கிராமங்களில் இணைய மையங்கள் நடந்தன. வேகம் 35 கேபிபிஎஸ், சில சமயம் 70. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் யாரும் பெட்டி மேல் 300 என்று போடவில்லை. கிராமத்துக் கடையில், ஆள் உட்காரும் நாற்காலிக்கு முன்னால், எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள்.

கல்வராயன் மலையில் இதைச் செய்வதில் கஷ்டங்கள் உண்டு. காடு 2.4-ஐ உறிஞ்சும், இலையில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். கம்பம் மரத்தின் தலைக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்க் குன்று ஆன்டெனாவுக்குத் தெரியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். பேட்டரியைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பையன் ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதில் எதுவும் பெரிய பொறியியல் சிக்கல் கிடையாது. 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம்-வாணி திட்டப்படி டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். 2018-ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 2022-க்குள் நாடு முழுவதும் ஒரு கோடிப் பொது வைஃபை இடங்கள் என்று எழுதி வைத்தது. 2022 வந்தது, போனது. கோடிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வெள்ளிமலைப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாரிடமாவது பிஎம்-வாணி என்றால் என்ன என்று கேட்டால், புதுசா வந்த நாட்டு மருந்தா என்பார்கள்.

"மொபைல் டவர் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது மூன்றாவது பதில். வரட்டும், நல்லதுதான். 2022 ஜூலையில் அறிவித்த 4ஜி நிறைவுத் திட்டத்தில் சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு டவர் போட 26,316 கோடி ஒதுக்கினார்கள். பி.எஸ்.என்.எல்-லுக்கு 2023-ல் 700 மெகாஹெர்ட்ஸும் கொடுத்தார்கள். மலைக்கு ஏற்ற அலை அது, தாழ்ந்த அலைவரிசை, தூரம் போகும், வளைவுகளை ஓரளவு சமாளிக்கும். ஆனால் 700-ஐப் பிடிக்கும் சில்லு போனில் இருக்க வேண்டும். பழைய மலிவுப் போன் பலவற்றில் அது கிடையாது. டவர் தலைக்கு மேலேயே நின்றாலும் அந்தப் போனுக்கு அந்த அலை தெரியாது. இது கள்ளக்குறிச்சிக் கடையில் பார்த்த அதே கதைதான்: டவர் எண்ணப்படும், போன் எண்ணப்படாது.

கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வைஃபை பெட்டி அட்டையில், ஒற்றை ஆன்டெனா போனுக்கு, ஒரு செங்கல் சுவருக்கு அந்தப்பக்கம் எவ்வளவு என்ற ஒரே எண், மற்ற எல்லா எண்களையும்விடப் பெரிய எழுத்தில். 2.4 மட்டும் உள்ள பெட்டியோடு 100-க்கு மேல் பிளான் விற்பதற்குத் தடை. லைன் இழுக்கும்போது வீட்டுக்காரர் போனிலேயே, அவர் சொல்லும் அறையில் அளந்து ரசீதில் எழுதுவது. போன் அட்டையில் எந்தெந்த அலைவரிசை பிடிக்கும் என்பது மெகாபிக்சலுக்குப் பக்கத்திலேயே. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 5ஜி என்று பெயர் வைத்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி.

மலைக்கு, ஊராட்சி அலுவலகத்தை மட்டும் எண்ணும் பட்டியலோடு இன்னொரு பட்டியல். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு வரி. அளக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் பல இருக்கின்றன. விடுதித் திண்ணையில், சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும்போது, அங்கே கிடைப்பதில் ஆகக் குறைந்த விலைப் போனை வைத்து அளக்க வேண்டும்.